சக்கரத்தைக் கழற்றும் நாள்

மரக்காணத்தில் டயர் தேய்வதற்கு முன்னால் ரிம் செத்துவிடும். பட்டன் பாதிகூடத் தேய்ந்திருக்காது, வெளியே குரோம் பளபளவென்று இருக்கும், உள்ளே ரிம் டேப்புக்கு அடியில் இரும்பு அப்பளம் மாதிரி பொரிந்து கிடக்கும். பழைய புல்லட் வைத்திருக்கும் வெளியூர்க்காரர்கள் டயர் மாற்றுவதை அரை மணி நேர வேலையாக நினைக்கிறார்கள். உப்பளக் கரையில் இருப்பவர்களுக்கு அது இரண்டு நாள் வேலை. அதில் டயரை மாட்டுவது கடைசி ஒரு மணி நேரம்தான்.

நான் இதைத் தெரிந்துகொண்டது அடிபட்டுத்தான். என் அப்பா உப்பளத்தில் கணக்கப்பிள்ளை. அவர் ஓட்டிய ஸ்டாண்டர்ட் 350 புல்லட்தான் இப்போது என்னிடம் இருக்கிறது. வண்டி என் கைக்கு வந்த முதல் வருடம், பின் டயர் மாற்ற ஒரு கடையில் விட்டேன். சுறுசுறுப்பாக மாட்டிக் கொடுத்தார்கள், நானும் டீ குடித்துவிட்டு வந்து எடுத்துக்கொண்டு போனேன். எட்டு மாதம் கழித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அனுமந்தையைத் தாண்டும்போது பின் சக்கரம் திடீரென்று வழுக்கிக்கொண்டு ஆடியது. எப்படியோ ஓரம்கட்டி நிறுத்திவிட்டேன். டயரைப் பிரித்தபோது ரிம்மின் நடுவில், இரண்டு ஸ்போக்ஸுக்கு இடையில், என் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. துருவின் விளிம்பு பிளேடு மாதிரி நின்று ரிம் டேப்பை அறுத்து, ட்யூபையும் அறுத்திருந்தது. புது டயர் போட்ட அன்றைக்கே அந்த இடம் புண்ணாகத்தான் இருந்திருக்கும். டேப்பைத் தூக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யாரும் தூக்கவில்லை.

அதனால் இந்த அத்தியாயம் டயரைப் பற்றியதைவிட, டயருக்கு உள்ளே இருப்பதைப் பற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு என்ன செய்கிறது

பாத்தியில் விளையும் உப்பு வெள்ளையாக, காய்ந்ததாகத் தெரிந்தாலும் அது காய்வதே இல்லை. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். நம் கடற்கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரம் அந்த அளவைத் தொடுகிறது. உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீர் இன்னும் மோசம். அதில் இருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதி ஈரம்கூட வேண்டாம். நல்ல வெயில் நாளிலும் அது பிசுபிசுப்பாகவே இருக்கும். வரப்பு மேல் ஓட்டிய வண்டியின் ஹப்பில் ஒட்டியிருக்கும் சேறு மத்தியானத்தில்கூட ஏன் காயவில்லை என்று நினைத்ததுண்டா? அதுதான் காரணம்.

அந்த ஈரம் நிப்பிள் ஓட்டை வழியாக ரிம்முக்குள் போகிறது. போனது வெளியே வர வழியில்லை. மேலே ட்யூப் அமுக்கிக்கொண்டிருக்கிறது, வெளியே டயர் மூடியிருக்கிறது. ரிம் மட்டுமில்லை, முன் ஃபோர்க்கின் அடியில் எஃகு ஸ்டட்டும் அலுமினியமும் சேர்கிற இடத்தில் உப்புத் தண்ணீர் நின்றால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். அப்படித் தின்ற இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அது உப்பா, அரிப்பா என்று தெரிய ஒரு சொட்டு நல்ல தண்ணீர் விட்டுப் பாருங்கள். கரைந்து போனால் உப்பு. கரையாமல் பொடியாகவே நின்றால் அலுமினியம் அரித்துவிட்டது என்று அர்த்தம்.

எப்போது கழற்றுவது

எங்கள் ஊரில் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் பாத்தி கட்ட ஆரம்பித்து, வெயில் ஏற ஏற உப்பு வாரி, மழை வருவதற்கு முன் அம்பாரத்தை மூடிவிடுவார்கள். அதே கணக்கை வண்டிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள், இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். டயர் நன்றாக இருந்தாலும் கழற்றலாம். திரும்ப அதே டயரையே மாட்டினால் போகிறது. மழைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், ஒரு வருட உப்பு மூன்று மாதம் ஈரத்திலேயே ஊறும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன்படி இருசக்கர வண்டியின் டயரில் 0.8 மில்லிமீட்டர் பள்ளமாவது இருக்க வேண்டும். அது சட்டத்துக்கு. மழையில் நனைந்த உப்பளக் களிமண் சோப்பு மாதிரி. அதில் ஓட்டுகிறவர் பள்ளம் 2 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கும்போதே டயரை மாற்றிவிடுவதுதான் என் யோசனை.

எந்த டயர்

பழைய ஸ்டாண்டர்ட் புல்லட்டுக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு, 3.25-19. அதாவது அகலம் 3.25 அங்குலம், ரிம்மின் விட்டம் 19 அங்குலம். பின்னால் வந்த கிளாசிக் மாடலுக்கு இது பொருந்தாது. அதன் பின் சக்கரம் 18 அங்குலம். பழைய வண்டிக்கு முன்னால் நீளவாக்கில் வரி ஓடும் டயர், பின்னால் பட்டன் டயர் என்று போடுவது வழக்கம். முன் வரி டயர் தார்ச் சாலையில் நேராகப் போகும், ஆனால் சேற்றில் பிடி கிடையாது. நான் வாரத்தில் நான்கு நாள் வரப்பில் ஓட்டுவதால் முன்னாலும் பட்டன் டயர்தான் போட்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள் அழகு போச்சு என்கிறார்கள். போனால் போகட்டும்.

புல்லட்டும் எம்.ஆர்.எஃப் டயரும் ஒரே ஊரில் வளர்ந்தவை என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் ரெடிட்ச் ஊரில் புல்லட் செய்துவந்த கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955-ல் கைகோத்து, திருவொற்றியூரில் தொழிற்சாலை வைத்தார்கள். அதே திருவொற்றியூரில்தான் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் பொம்மை பலூன் செய்யும் கொட்டகை போட்டார். அதுதான் பிறகு டயர் கம்பெனி ஆனது. இங்கிலாந்தில் புல்லட் நின்று ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நம்மிடம் இன்னும் ஓடுகிறது, அதற்கு டயரும் கிடைக்கிறது.

கடையில் டயர் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2324 என்று இருந்தால் 2024-ம் வருடம் 23-வது வாரத்தில் செய்தது. 3.25-19 இப்போது வேகமாக விற்கிற அளவு இல்லை. கடை மூலையில் பல வருடம் தூங்கியிருக்கும். மூன்று வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். இல்லை என்றால் திண்டிவனத்திலோ பாண்டிச்சேரியிலோ கேளுங்கள். அளவுக்குப் பக்கத்தில் 54பி என்று அச்சிட்டிருந்தால், அந்த டயர் 212 கிலோ தாங்கும், மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் சரி என்று பொருள். உப்பு மூட்டை ஏற்றுகிறவர்கள் இந்த 212-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டயரோடு புது ட்யூபும் புது ரிம் டேப்பும் வாங்கிவிடுங்கள். பழைய ட்யூப் பழைய டயருக்குள்ளேயே வளர்ந்து நீண்டிருக்கும். புது டயரில் அது மடிந்து உட்காரும், மடிந்த இடத்தில் கிழியும். டேப்பின் விலை மிகக் குறைவு. அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

முந்தின நாள்: ஊறவைத்தல்

கழற்றப் போகும் நாளுக்கு முந்தின நாள் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்கிறேன். இங்கே பல வீட்டு போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் உப்பைப் பூசுகிறீர்கள் என்றுதான் அர்த்தம். வாயில் விட்டுப் பார்த்து, குடிக்க முடிகிற தண்ணீரையே எடுங்கள். இரண்டு குடம் போதும். பிரஷர் பம்ப் வைத்து ஹப்பில் அடிக்காதீர்கள். பேரிங்குக்குள் உப்பைத் துரத்திவிடும்.

காய்ந்ததும் ஆக்ஸில் நட்டு, முன் ஃபோர்க் அடி மூடியின் நட்டுகள், பிரேக் ராடின் நட்டு, செயின் லாக், எல்லாவற்றிலும் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். ராத்திரி ஒரு தடவை, காலையில் ஒரு தடவை. அவசரப்பட்டு ஸ்பேனரில் பைப் மாட்டித் திருகினால் ஸ்டட் முறியும். முறிந்த ஸ்டட்டை எடுக்க லேத் பட்டறைக்குப் போக வேண்டும். ஒரு ராத்திரி பொறுத்தால் அந்தச் செலவும் அலைச்சலும் இல்லை.

ஸ்பேனர் விஷயத்தில் ஒன்று. பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் அளவு நட்டுகள் நிறைய இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனர் கவ்வுகிற மாதிரி இருக்கும், ஆனால் ஒரு நூல் இடைவெளி விட்டு முனையை உருட்டிவிடும். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறி வந்த வண்டிகளில் முந்தின மெக்கானிக் எந்த நட்டை எதற்கு மாற்றினார் என்று சொல்ல முடியாது. போட்டுப் பார்த்து, ஆடாமல் உட்கார்கிற ரிங் ஸ்பேனரை மட்டும் பயன்படுத்துங்கள்.

முன் சக்கரம்

ஒரு நேரத்தில் ஒரு சக்கரம்தான். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் வண்டியை நிறுத்தி வைப்பதே பெரும்பாடு. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜின் அடியில் ஒரு மரக்கட்டையைத் தாங்கலாகக் கொடுங்கள். தரை மணலாக இருந்தால் ஸ்டாண்டுக்குக் கீழே பலகை வைக்காமல் ஆரம்பிக்கவே கூடாது.

பிரேக் கேபிளைக் கழற்றுங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிள் இந்தச் சக்கரத்தில் வந்தால் அதையும் விடுவியுங்கள். இனி ஃபோர்க்கின் அடியில் இரு பக்கமும் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் மூடிகள். நட்டுகளைச் சுற்றுக்குக் கொஞ்சமாக, மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். மூடி வந்ததும் சக்கரம் கீழே இறங்கிவிடும். கால்விரல் பத்திரம். மூடிகளை இடம் வலம் மாற்றிவிடக் கூடாது, முன் பின் திருப்பியும் போடக் கூடாது. பழைய சட்டையின் இரண்டு பைகளில் தனித்தனியாகப் போட்டு வைக்கலாம். நான் சாக்பீஸால் ‘இ’, ‘வ’ என்று எழுதி, முன்பக்கம் ஒரு கோடும் போட்டுவிடுவேன்.

டிரம் பிளேட்டைத் தூக்கினால் உள்ளே கறுப்புத் தூசி இருக்கும். ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

பின் சக்கரம்

இதுதான் பொறுமையைச் சோதிக்கிற பகுதி. புல்லட்டில் செயினும் பிரேக் டிரம்மும் இடது பக்கம். சென்டர் ஸ்டாண்டில் நின்றாலும் பின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் சக்கரத்தை வெளியே இழுக்க இடம் போதாது. ஸ்டாண்டின் இரண்டு கால்களுக்கும் கீழே இரண்டங்குலப் பலகை கொடுத்தால் வேலை பாதி குறையும். இரண்டு பேர் சேர்ந்து ஏற்றுங்கள்.

செயின் லாக்கைப் பிரிக்கும்போது அதன் கிளிப் எப்படி இருந்தது என்று பாருங்கள். மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும், வெட்டு உள்ள பக்கம் பின்னால். மாற்றிப் போட்டால் ஓட்டத்தில் எதிலாவது உரசி கிளிப் தெறித்துவிடும். செயினை முழுதாக உருவாதீர்கள். முன் ஸ்ப்ராக்கெட்டில் அப்படியே தொங்கட்டும், கீழே ஒரு செய்தித்தாளை விரித்துவிடுங்கள். உருவிவிட்டால் மறுபடி கவருக்குள் சுற்றிக் கோக்க அரை மணி நேரம் போகும்.

பிரேக் ராடின் நட்டு, டிரம் பிளேட்டைப் பிடித்திருக்கும் நட்டு, பிறகு ஆக்ஸில் நட்டுகள். ஆக்ஸிலின் இரு முனையிலும் நத்தை ஓடு மாதிரி வளைந்து, விளிம்பில் பல் வெட்டிய தகடுகள் இருக்கும், செயினை இறுக்குவதற்காக. அவை எந்தப் பல்லில் நின்றன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். நட்டு தளர்ந்ததும் சக்கரத்தைப் பின்னால் இழுத்தால் வந்துவிடும்.

வராவிட்டால்? இந்தக் கரையில் வராமல் போவதுதான் வழக்கம். ஆக்ஸில் துருவில் கடித்திருக்கும். சுத்தியலால் நேராக ஆக்ஸில் முனையில் அடிக்கவே கூடாது. மரை காளான் மாதிரி விரிந்துவிடும், பிறகு எந்த நட்டும் ஏறாது. நட்டை முனை மட்டத்துக்குத் திருகி வைத்து, அதன் மேல் ஒரு மரத்துண்டோ பித்தளைத் துண்டோ வைத்து, மெல்ல மெல்லத் தட்டுங்கள். நடுநடுவே எண்ணெய். ஒரு வருடம் என் வண்டியில் இதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த உப்பளத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார்: “தம்பி, அடிக்காத. அது உப்பு வெச்சு ஒட்டுனது. எண்ணெ குடிச்சாத்தான் வுடும்.” அப்படித்தான் விட்டது.

சக்கரம் வந்ததும் ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்களைப் பாருங்கள். கடையில் கப்ளிங் ரப்பர் என்று கேட்டால் தருவார்கள். நசுங்கியிருந்தாலும் பொடிப்பொடியாக உதிர்ந்தாலும் மாற்றுங்கள். பேரிங்குக்குள் விரலை விட்டுச் சுற்றுங்கள். வெண்ணெய் மாதிரி சுற்ற வேண்டும். ‘கரகர’ என்றால், கிரீஸ் வைத்து ஏமாற்றிக்கொள்ளாமல் பேரிங்கையும் சீலையும் மாற்றிவிடுங்கள்.

டயரைக் கழற்றுதல்

வால்வின் ஊசியைக் கழற்றி எல்லாக் காற்றையும் வெளியேற்றுங்கள். வால்வு நட்டையும் எடுத்துவிடுங்கள். சக்கரத்தைப் பழைய டயர் ஒன்றின் மேல் படுக்க வைத்தால் ஹப் தரையில் படாது. இனி காலால் மிதித்து டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து விடுவிக்க வேண்டும், இரு பக்கமும், சுற்றிலும். உப்பேறிய ரிம்மில் ஓரம் பசை போட்ட மாதிரி பிடித்திருக்கும். சோப்பு நுரையை விட்டுக் காத்திருந்து மிதியுங்கள்.

இங்கே ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் லேசு. டயர் ஓரத்துக்குள் எஃகுக் கம்பி வளையம் இருக்கிறது. அது இழுத்தால் நீளாது. ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. லீவர் போடுகிற இடத்துக்கு நேர் எதிரில் டயர் ஓரம் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தால்தான் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும். லீவருக்குப் பலம் தேவைப்படுகிறது என்றால் எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இல்லை. நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கத்தை முழங்காலால் அமுக்குங்கள். பஞ்சர் கடையில் மெலிந்த பையன் இரண்டு லீவரில் சுலபமாகக் கழற்றுவதும், நாம் மூன்று லீவரை வைத்து ரிம்மை வளைப்பதும் இந்த ஒரு விஷயத்தால்தான்.

வால்வு இருக்கும் பக்கத்தில் ஆரம்பியுங்கள். கைக்குக் கை இரண்டங்குலம் மட்டும் எடுங்கள். ரிம்மில் கீறல் விழாமல் இருக்க, பழைய ட்யூபில் வெட்டிய பட்டையை லீவருக்கு அடியில் வையுங்கள். ஸ்க்ரூடிரைவரை லீவராகப் போடாதீர்கள், ட்யூபையும் குரோமையும் ஒரே நேரத்தில் கெடுக்கும். கீறின குரோம் இங்கே ஒரு மழைக்குத் தாங்காது.

ரிம்மைப் பார்த்தல்

டயர் வந்துவிட்டது, ட்யூப் வந்துவிட்டது. இப்போது நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். டேப்பை மெதுவாகத் தூக்குங்கள். அடியில் பழுப்புத் தண்ணீர் துளித்துளியாக நிற்கிறதா? விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். அதுதான் ஒரு வருடமாக உங்கள் ரிம்மைத் தின்றது.

துருவைக் கம்பி பிரஷால் தேயுங்கள். தேய்த்த பிறகு நிறம் மட்டும் கறுத்த, வழவழப்பான இரும்பு தெரிந்தால் பரவாயில்லை. குழிக்குழியாக இருந்தால் ஒவ்வொரு குழியையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே போனாலும், தகடு வளைந்து கொடுத்தாலும் அந்த ரிம் முடிந்துவிட்டது. வெல்டிங் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சக்கர ரிம்மில் வெல்டிங் வைக்க நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். ஓட்டை விழும் அளவுக்குத் துருப்பிடித்த தகட்டில், வெல்டிங்குக்குப் பக்கத்து இடமும் மெலிந்துதான் இருக்கும்.

நிப்பிளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்போக்ஸ் முனைகளை அரம் வைத்துத் தேய்த்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு ஸ்போக்ஸையும் ஒரு சின்ன ஸ்பேனரால் தட்டுங்கள். இறுக்கமான கம்பி ‘ணங்’ என்று பாடும். தளர்ந்தது ‘டொக்’ என்று செத்துப் பேசும். கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பாருங்கள், எந்தக் கம்பி என்று காதே சொல்லும். தளர்ந்ததை நிப்பிள் ஸ்பேனரால் கால் சுற்று, அரைச் சுற்று என்று இறுக்கலாம். ஆனால் நான்கைந்துக்கு மேல் தளர்ந்திருந்தால் பெண்ட் எடுக்கிற கடைக்குக் கொடுங்கள். நிப்பிள் துருவில் பூட்டியிருந்தால் திருகத் திருகக் கம்பிதான் முறுக்கேறும், மரை நகராது. அதற்குப் புதுக் கம்பி போடுவதுதான் வழி.

சுத்தம் செய்த ரிம்மை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் முழுக்கக் காயவைத்து, உட்பக்கம் துத்தநாகம் கலந்த பிரைமர் அடியுங்கள். இரண்டு கோட். ராத்திரி முழுக்க, காற்றில் உப்பு வராத அறைக்குள் காயட்டும். பெயிண்ட் காய்வதற்குள் டேப் போட்டால் ஒட்டிக்கொண்டு, அடுத்த வருடம் பெயிண்டோடு உரிந்து வரும். இரண்டு நாள் வேலை என்று சொன்னது இதனால்தான்.

பழைய டயரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போகிக்கு எரிக்காதீர்கள். கழுவேலி ஓரத்தில் வீசாதீர்கள், 2021-லிருந்து அது பறவைகள் சரணாலயம். டயர் கடையில் திருப்பிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள். பழைய ட்யூபை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், லீவர் பட்டைக்கு உதவும்.

புது டயரை மாட்டுதல்

புது டேப்பைச் சுற்றிப் போட்டு, அதன் ஓட்டை ரிம்மின் வால்வு ஓட்டையோடு சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். டயரின் பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் சுற்றும் திசையில் வைக்க வேண்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் அதை வால்வுக்கு நேராக. அந்த இடம் டயரில் எடை குறைந்த பக்கம், வால்வின் எடை அதை ஈடுகட்டும்.

ஓரத்தில் குளியல் சோப்பைக் கரைத்துத் தடவுங்கள். துணி துவைக்கிற பவுடர் வேண்டாம், இரும்பை அரிக்கும். கிரீஸும் இன்ஜின் ஆயிலும் கூடவே கூடாது, ரப்பர் ஊதிப்போகும், டயர் ரிம்மில் நழுவும். முதல் ஓரம் பெரும்பாலும் கையாலேயே உள்ளே போய்விடும். ட்யூபுக்கு முகத்துக்குப் போடும் பவுடரைத் தடவி, வட்டம் பிடிக்கும் அளவு மட்டும் காற்று விட்டு, உள்ளே வையுங்கள். வால்வை ஓட்டையில் நுழைத்து, நட்டை இரண்டு மரை மட்டும் ஏற்றுங்கள்.

இரண்டாவது ஓரத்தை வால்வுக்கு நேர் எதிரில் ஆரம்பித்து, இரு பக்கமும் வந்து வால்வில் முடியுங்கள். கழற்றும்போது வால்வில் ஆரம்பித்தோம், மாட்டும்போது வால்வில் முடிக்கிறோம். கடைசி ஆறங்குலம்தான் ட்யூபுக்கு எமன். அங்கே வருவதற்கு முன் வால்வை உள்ளே தள்ளிப் பாருங்கள், தாராளமாக உள்ளே போய் வர வேண்டும். போகாவிட்டால் ட்யூப் ஓரத்துக்கு அடியில் மாட்டியிருக்கிறது. லீவரின் முனை ஒரு விரல் அகலத்துக்கு மேல் உள்ளே போகவே கூடாது.

காற்று அடித்து, முழுதாக இறக்கி, மறுபடி அடியுங்கள். ட்யூபில் மடிப்பு இருந்தால் இதில் விரிந்துவிடும். டயர் பக்கச் சுவரில் ரிம்மை ஒட்டிச் சுற்றிவரும் மெல்லிய கோடு, எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் சோப்புத் தண்ணீர் விட்டு இன்னும் கொஞ்சம் காற்று. ஆனால் 40 பவுண்டுக்கு மேல் போகாதீர்கள். கோடு சரியானதும் முன்னால் 20, பின்னால் தனியாக ஓட்ட 28, ஆள் ஏற்றினால் 30 என்று இறக்கிக்கொள்ளுங்கள். வால்வு நட்டை ரிம்மோடு இறுக்காமல் மேலே மூடியோடு சேர்த்துப் பூட்டிவிடுங்கள். டயர் நழுவினால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும். இறுக்கி வைத்தால் சாயாமல் பிய்ந்துவிடும்.

திரும்ப மாட்டுதல்

ஆக்ஸிலைத் துடைத்து, மெல்லிய கிரீஸ் பூச்சு கொடுங்கள். சாதா கிரீஸ் இங்கே ஒரு மழையில் கழுவிப் போகும். எக்கியார்குப்பம் பக்கம் படகு எஞ்சினுக்கு வாங்குகிற, தண்ணீர் தாங்கும் கிரீஸைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டட் மரைகளுக்கும் அதே கிரீஸ். பிரேக் டிரம்மின் உட்பக்கத்தில் மட்டும் ஒரு துளியும் படக்கூடாது.

முன் சக்கரத்தை மாட்டும்போது மூடி நட்டுகளை முதலில் லேசாக மட்டும் இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே முழுதாக இறுக்குங்கள். ஷூ டிரம்முக்கு நடுவில் தானாகவே வந்து நிற்கும். பிரேக் பஞ்சு மாதிரி இருக்கிறது என்று பலர் குறைப்படுவது இந்த ஒரு அழுத்தலைச் செய்யாததால்தான். பின் சக்கரத்துக்கும் அதே முறை, பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு.

பின்னால் நத்தைத் தகடுகள் இரு பக்கமும் ஒரே பல்லில் நிற்க வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், பழைய வண்டியில் தகடுகளே தேய்ந்திருக்கும். சுவர் கட்டும் கொத்தனார் மாதிரி நூல் பிடியுங்கள். பின் டயரின் பின் ஓரத்தில் நூலைக் கட்டி, முன்னால் இழுத்து வந்தால், இரண்டு டயரும் ஒரே அகலமாக இருக்கும் 3.25 வண்டியில் நூல் பின் டயரில் இரண்டு இடம், முன் டயரில் இரண்டு இடம், ஆக நான்கு இடத்தில் தொட வேண்டும். பிறகு செயினை அதன் இறுக்கமான இடத்தில் அமுக்கிப் பாருங்கள், 20 முதல் 25 மில்லிமீட்டர் தளர்வு போதும். பிரேக் ராடு, பிரேக் விளக்கு, டிரம் பிளேட் நட்டு மூன்றையும் கடைசியாக ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அந்த டிரம் பிளேட் நட்டை மறந்தால் முதல் பிரேக்கிலேயே பிளேட் சுற்றிச் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும். முதல் 150 கிலோமீட்டருக்கு வண்டியைச் சாய்த்து வளைக்காதீர்கள், திடீர் பிரேக் வேண்டாம், ஈர வரப்பின் மேல் ஏறவே வேண்டாம். காலை வெயில் ஏறுவதற்கு முன் மரக்காணத்திலிருந்து கூனிமேடு வழியாகப் பாண்டிச்சேரி வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய பாதி முடிந்துவிடும். வந்ததும் வண்டி ஆறட்டும். ஸ்போக்ஸை மறுபடி ஒவ்வொன்றாகத் தட்டுங்கள், ஆக்ஸில் நட்டுகளில் ஸ்பேனரை ஒருமுறை போடுங்கள், காற்றை அளந்து பாருங்கள். டயரின் நான்கு இலக்க எண்ணையும் மாட்டிய தேதியையும் டூல் பாக்ஸ் மூடியின் உட்பக்கத்தில் பெயிண்டால் எழுதிவிடுங்கள். என் மூடியில் அப்பாவின் கையெழுத்தில் இரண்டு வரி, அதற்குக் கீழே என்னுடையவை.